உன் தேன்பழ மரத்தைத் திரும்பக் கேட்டேன்

கண்ணு,

இங்கே நாங்கள் சௌக்கியம் என்று எழுதினால் அதில் பாதிதான் உண்மை. உன் அம்மா சௌக்கியமாக இருக்கிறாள். அவளுக்கு நீ எழுதின கடுதாசியை நான்தான் படித்துக் காட்டினேன். அடுத்த மாசம் உங்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிள்ளைகளுக்குத் தொப்பி வைக்கிற விழா, மெழுகுவத்தி ஏற்றி உறுதி எடுப்போம், பெற்றவர்கள் வந்து பார்க்கலாம், சித்தப்பாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அம்மா வரட்டும் என்று எழுதியிருந்தாய். கடைசியில், "அப்பாவுக்கு ஷிப்ட் இருக்கும், சிரமப்பட வேண்டாம்" என்று ஒரு வரி. அதை நான் வாய்விட்டுப் படிக்கவில்லை. அவ்வளவுதான் என்று மடித்து அவள் கையில் கொடுத்தேன். உன் அம்மாவை ஏமாற்ற முடியுமா? "ஒன்ன வரச் சொல்லலியா?" என்று கேட்டாள். நான் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

லீவு கேட்டால் கிடைக்கும் என்பது உனக்குத் தெரியாதது இல்லை. சுரங்கத்தில் பர்மனென்ட் ஆனபிறகு நான் லீவே எடுப்பதில்லை என்று நீயே கேலி செய்திருக்கிறாய். ஏன் அப்படி எழுதினாய் என்றும் எனக்குத் தெரியும். உன்னைச் சேர்க்க சென்னைக்கு வந்த அன்று அந்த ஆஸ்பத்திரி கேட்டில் நின்றிருந்த வாட்ச்மேன் நம்மைப் பார்த்து, எங்கே போகணும் என்றுதான் கேட்டான். என்னைவிட வயசில் சின்னவன். அதற்குள் என் தோளில் இருந்த துண்டு கக்கத்துக்குப் போய்விட்டது. உள்ளே பெரிய நர்ஸம்மா நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். நான் சுவரோரமாகத் தரையில் குந்திவிட்டேன். உன்னோடு சேர வந்த மற்றப் பெண்களின் அப்பாக்கள் எல்லாம் நாற்காலியில் இருந்தார்கள். நீ என்னைப் பார்த்தாய், பிறகு ஜன்னலைப் பார்த்தாய். போகும்போது, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்புப்பா" என்றாய். பஸ்ஸுக்கு எவ்வளவோ நேரம் இருந்தது. வெட்கமாக இருந்தது கண்ணு. உன்மேல் கோபம் இல்லை, இன்று வரைக்கும் இல்லை.

பெண்ணுக்குக் கடுதாசி எழுதும் அப்பன் நாலு புத்தி சொல்லவேண்டும். மிஷன் பள்ளியில் ஐந்தாவது படித்தவன், எழுத்துக்கூட்டி எழுதிவிடுவேன். ஆனால் தலை நிமிர்ந்து நட, யாருக்கும் பயப்படாதே என்று எழுத ஆரம்பித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அதனால் உன் தேன்பழ மரத்தைப் பற்றி எழுதுகிறேன். அதில் நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை இரண்டு வருஷமாக நான் விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

அந்த மரம் எப்படி வந்தது என்று உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடம் போகிற வழியில் ஆபீசர் பங்களா ஒன்றிலிருந்து கிளை ரோட்டுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அவர்கள் அதைச் செர்ரி என்பார்கள். நம் குவார்ட்டர்ஸ் லைனில் பிள்ளைகள் தேன்பழம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கீழே விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டால் அங்கே தோட்டக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். ஒருநாள் கை நிறையக் கொண்டுவந்து ஒரு டம்ளர் தண்ணீரில் பிதுக்கினாய். விதை கசகசாவைவிடப் பொடிசு, ஊதினால் பறந்துவிடும். "இதுவா மரமாவும்?" என்று உன் அம்மா சிரித்தாள். நீ உடைந்த சட்டியில் மணலும் சாம்பலும் சலித்துப் பரப்பி, அந்தத் தண்ணீரை அப்படியே மேலே தெளித்தாய். மண் போட்டு மூடக்கூடாது என்று உனக்கு யார் சொன்னார்களோ தெரியாது. பச்சைப் பாசி மாதிரி ஒரு படலம் வந்தது. அதில் திடமாக இருந்த ஒன்றைக் குச்சியால் நெம்பிப் பால்பவுடர் டின்னில் வைத்தாய்.

அது முழங்கால் உயரம் வந்தபோது நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வாசலில் குழி தோண்டப் போனேன். நீ குறுக்கே வந்து நின்றாய். "தரையில வேணாம்பா. தொட்டியில வச்சா எங்கனா போனாலும் தூக்கிக்கினு போவலாம்" என்றாய். அப்போது உனக்குப் பதின்மூன்று வயது. நம் முருங்கையை நீ மறக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. சுரங்கத்துக்காக ஊரைக் காலி செய்யச் சொன்னபோது வீடு, கிணறு, மரம் என்று எழுதிக்கொண்டு போக ஆள் வந்தார்கள். குடிசை வாசலில் நின்ற முருங்கை உன் அம்மா கொம்பு நட்டு வளர்த்தது. ஆனால் குடிசை இருந்த மண் ஆண்டையுடையது. மண் யாருடையதோ மரமும் அவருடையதுதான் என்று அவர் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது எங்க மரம்" என்று அந்த ஆளிடம் சொன்னாய். நான் உன் வாயைப் பொத்தினேன். ஆண்டை பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

ஆகவே தொட்டிதான் என்று ஆயிற்று. ரோடு போட்ட கான்ட்ராக்டர் எறிந்துவிட்டுப் போன தார் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தேன். பாதியாக வெட்டி, உள்ளே சருகு போட்டுக் கொளுத்தித் தார் வாசனை போகிறவரை எரித்து, உளியால் அடியில் ஓட்டை போட்டோம். ஓட்டைமேல் ஓட்டாஞ்சில்லைக் கவிழ்த்து, செம்மண்ணும் மணலும் ஆட்டுப்புழுக்கையும் கலந்து நிரப்பினோம். டிரம்மை நாலு செங்கல்மேல் ஏற்றி வைக்கச் சொன்னாய், வேர் தரையில் இறங்கிவிடக் கூடாது என்று. வெயில் எல்லாப் பக்கமும் படுவதற்கு அவ்வப்போது திருப்பி வைப்பாய். குடை மாதிரி விரிகிற மரம், நுனியைக் கிள்ளிக் கிள்ளி உன் தலை உயரத்துக்கு வைத்திருந்தாய். தண்ணீருக்குத்தான் இங்கே பஞ்சம் இல்லையே. சுரங்கத்தின் அடியிலிருந்து ராப்பகலாக இறைத்துக் கொட்டுகிறார்கள். ஊரில் ஆண்டை கிணற்றுப் பக்கம் நாம் போக முடியாது. இங்கே குழாயைத் திறந்தால் கொட்டுகிறது. ஆரம்பத்தில் உன் அம்மா சும்மாவே குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நிற்பாள்.

இரண்டாம் வருஷமே பூத்தது. வெள்ளைப் பூ, மறுநாள் உதிர்ந்துவிடும். அப்புறம் காய், பிறகு சிவப்பு. பழுத்ததைத் தொட்டாலே கையோடு வந்துவிடும், வாயில் வைத்தால் பாகு. லைனில் உள்ள பிள்ளைகள் எல்லாம் நம் வாசலில்தான். மதுரைக்காரர் வீட்டுப் பையனும் மலையாளத்துக்காரர் பெண்ணும் சண்டை போட்டுக்கொள்வார்கள், நீ நடுவில் நின்று பங்கு வைப்பாய். சுரங்கத்தில் மண் ஓடுகிற பெல்ட் பக்கத்தில் நிற்கும்போது சில நேரம் கீழே பார்ப்பேன். நம் தெரு இருந்த இடம் அங்கேதான் எங்கேயோ பள்ளத்தில் இருக்கும். என் பெண் ஒரு மரம் வைத்திருக்கிறாள், அது யார் மண்ணிலும் இல்லை என்று நினைத்துக்கொள்வேன். பெருமையாகத்தான் இருந்தது.

அந்தச் சமயம்தான் ஆண்டை டவுன்ஷிப்புக்கு வந்து சேர்ந்தார். அவர் மகனுக்கு ஆபீஸில் வேலை, நமக்கு இரண்டு லைன் தள்ளிக் குவார்ட்டர்ஸ். நிலம் போனபிறகு ஆள் ஒடுங்கிப்போயிருந்தார். சாயங்காலம் தடியை ஊன்றிக்கொண்டு நடப்பார், யாரும் அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருநாள் நான் காலை ஷிப்ட் முடித்து வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். அவர் வருவதைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன். நம் மரத்தடியில் நின்றார். ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டார். "இன்னா மரம்டா இது? இன்னா தித்திப்பு! நல்லாருக்குதுடா" என்றார். தடியை ஊன்றிக்கொண்டு போய்விட்டார்.

நடந்தது அவ்வளவுதான் கண்ணு. அவர் கேட்கவில்லை.

நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "மரம் எங்கேப்பா?" என்றபோது, "ஆண்டை கேட்டாரு, குடுத்துட்டன்" என்றேன். "அவரு வாயால கேட்டாரா?" என்றாய். ஆமாம் என்றேன். பொய். ஊரில் ஆண்டை நம் கூரைமேல் கிடக்கும் பறங்கிக்காயைப் பார்த்து நல்லாருக்குது என்றால் பொழுது சாய்வதற்குள் அது அவர் வீட்டுக் கொல்லையில் இருக்கவேண்டும். சேவலைப் பார்த்துச் சொன்னாலும் அப்படித்தான். அவர் வாய்விட்டுக் கேட்கும்படி வைத்துக்கொள்வதே குற்றம். என் அப்பாவும் அப்படித்தான் கொண்டுபோய்க் கொடுத்தார், நானும் கூடப் போயிருக்கிறேன். அந்த ஊர் இல்லை, அந்தக் கூரை இல்லை, அவரிடம் ஒரு குழி நிலம் இல்லை. எனக்குக் கம்பெனி சம்பளம். ஆனாலும் அவர் தெருமுனை திரும்புவதற்குள் நான் காய்கறிக்காரரிடம் தள்ளுவண்டி இரவல் கேட்கப் போய்விட்டேன். நீ வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரம் வேறு. பக்கத்து வீட்டு ஆளோடு சேர்ந்து டிரம்மைத் தூக்கி வண்டியில் வைத்தேன். தரையில் வைத்திருந்தால் அன்றைக்குக் கொண்டுபோயிருக்க முடியாது. தூக்கிக்கொண்டு போவதற்கென்று நீ தொட்டியில் வைத்தாய், உன் அப்பனே தூக்கிக்கொண்டு போனான்.

அவர் வீட்டு முன்வாசல் வழியாகப் போகவில்லை. பின்பக்கம் சுற்றிக்கொண்டு போனேன். "இன்னாடா இது?" என்று கேட்டார். "நல்லாருக்குதுன்னீங்களே ஆண்டே" என்றேன். "செரி, வச்சிட்டுப் போ" என்றார். திரும்பி வரும்போது எனக்கு மனசு லேசாக இருந்தது, அதைத்தான் நினைக்க நினைக்கத் தாங்க முடியவில்லை. ஏதோ செய்யவேண்டியதைச் செய்துவிட்ட மாதிரி இருந்தது. வாசலில் நாலு செங்கல் மட்டும் கிடந்தது. நீ அழவில்லை. "முடியாதுன்னு சொல்லத் தெரியாதாப்பா?" என்று மட்டும் கேட்டாய். அதற்கப்புறம் அவர் வீட்டு வழியாகப் போகாமல் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றிக்கொண்டு போனாய். யார் தேன்பழம் கொண்டுவந்தாலும் தொடவில்லை. அவர் பிடுங்கிக்கொண்டார், அப்பா பாவம், பயந்து கொடுத்துவிட்டார் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய். அந்தப் பாவப்பட்ட அப்பாவாகவே இருந்துவிடலாம் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். உன் அம்மாவுக்கு நடந்தது தெரியும். "எனுக்கு நீ பதில் சொல்ல வேணாம். அவளுக்கு ஒருநாள் சொல்லிடு" என்றாள்.

உன் கடுதாசி வந்தபிறகு எனக்கு வேலை ஓடவில்லை. அந்தக் கடைசி வரி கண்ணிலேயே நின்றது. வார ஓய்வு வந்ததும், மரத்தைத் திரும்பக் கேட்கப் போகிறேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் கடப்பாரையை எடுத்து என் முன்னால் போட்டாள். காய்கறிக்காரரிடம் அதே தள்ளுவண்டியைக் கேட்டேன். ஒரே ஒரு முன்னேற்பாடு செய்துகொண்டேன். துண்டைக் கொடியிலேயே விட்டுவிட்டேன். தோளில் துண்டு இருந்தால்தானே எடுக்கத் தோன்றும் என்று ஒரு கெட்டிக்காரத்தனம்.

பட்டப்பகலில் முன்வாசல் வழியாகப் போனேன். அவர் மருமகள் நல்ல பெண், "வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டது. நான் நின்றுகொண்டே இருந்தேன். ஆண்டை உள்ளேயிருந்து தடவிக்கொண்டு வந்தார், கண்ணில் புரை விழுந்திருக்கிறது. "யார்ரா?" என்றார். என் வலது கை எழும்பி இடது தோளுக்குப் போய்விட்டது. அங்கே ஒன்றும் இல்லை. கை திரும்பி வரவும் இல்லை. வெறும் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். "இன்னாடா, தோள் வலியா?" என்று கேட்டார் அவர். கண்ணு, இதை எழுதும்போது எனக்கு உடம்பு கூசுகிறது. ஐயா என்று கூப்பிட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனவன், "இல்ல ஆண்டே" என்றேன்.

அப்புறம் சொன்னேன். "மரத்த எடுத்துக்கினு போவ வந்தன். அது எம் பொண்ணு வச்சது. அவள கேக்காத குடுத்துட்டன்." எந்த மரம் என்று அவருக்கு முதலில் நினைவே வரவில்லை. வந்ததும், "எடுத்துக்கினு போயேன்" என்றார். பிறகு தலையைச் சாய்த்து, நிஜமாகவே தெரிந்துகொள்கிற மாதிரி கேட்டார். "நானாடா கேட்டன்? நீ ஏண்டா அன்னிக்குத் தூக்கியாந்த?" அவர் வீட்டுப் பேரப்பிள்ளைகள் அதற்குள் மரத்தடிக்கு ஓடிப்போய் நின்றுகொண்டார்கள், சின்னது அழ ஆரம்பித்துவிட்டது. இருக்கட்டும் விடுங்க என்று என் வாய்வரை வந்துவிட்டது. கடப்பாரையோடு என் பின்னாலேயே வந்து கேட்டருகில் நின்ற உன் அம்மா, "தோண்டு, நிக்காத" என்று அதட்டினாள். அந்தப் பிள்ளைகளுக்கு விதை போட்டு ஒரு கன்று கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இது யாரும் கேட்காமல் தூக்கிக் கொடுப்பது இல்லை, வேண்டுமா என்று அவர்களைக் கேட்டுக் கொடுப்பது.

மரம் லேசில் வரவில்லை. அவர்கள் செங்கல் வைக்காமல் டிரம்மைத் தரையிலேயே வைத்திருந்தார்கள். நீ பயந்த மாதிரியே வேர் ஓட்டை வழியாக இறங்கி மண்ணைப் பிடித்துவிட்டது. அடித்தகடு துருவேறி இற்றுப்போயிருந்தது. சுற்றிலும் தோண்டி, கட்டை விரல் பருமனுக்கு இறங்கியிருந்த வேர்களைக் கடப்பாரையால் நறுக்கும்போது பால் குடிக்கிற பிள்ளையைப் பிடுங்குகிற மாதிரி இருந்தது. ஆணிவேர் போலிருந்த ஒன்றை உன் அம்மாதான் வெட்டினாள், என்னால் முடியவில்லை. வேர் போன அளவுக்குக் கிளையும் போகவேண்டும் என்று பாதிக்கு மேல் வெட்டிக் கழித்தோம். வண்டியில் வைத்து, ஷிப்ட் விட்டு ஜனங்கள் வருகிற நேரத்தில் நடுரோட்டில் தள்ளிக்கொண்டு வந்தோம். நாலைந்து பேர் என்ன ஏது என்று கேட்டார்கள். "எம் பொண்ணு மரம்" என்று எல்லோருக்கும் சொன்னேன்.

நீ கோபித்துக்கொள்ளக் கூடாது, தரையில்தான் வைத்திருக்கிறேன். வேறு டிரம் தேடியிருக்கலாம். குவார்ட்டர்ஸ் நம்முடையது இல்லை என்பதும் தெரியும், ரிட்டயர் ஆகும்போது விட்டுவிட்டுப் போகவேண்டியதுதான். ஆனால் இனிமேல் அதை யாரும் ஒரு மாலைப்பொழுதில் வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போக முடியாது. முக்கியமாக என்னால் முடியாது. இலை எல்லாம் கொட்டிவிட்டது. ஈரச் சாக்கைத் தண்டில் சுற்றி, காலையிலும் மாலையிலும் தண்ணீர் ஊற்றுகிறேன், அதிகம் ஊற்றினால் அழுகிவிடும் என்று உன் அம்மா சத்தம் போடுகிறாள். நேற்று நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சையாக இருக்கிறது. பிழைக்கும் என்று உறுதியாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

நீ நாளைக்குப் பெரிய நர்ஸாகி உனக்கென்று ஒரு வீடு வரும். மரம் வைக்க ஆசைப்பட்டால் தொட்டியில் வை, தரையில் வை, உன் இஷ்டம். தொட்டி என்றால் செங்கல்மேல் ஏற்றி வை, வருஷத்துக்கு ஒருமுறை மேல்மண்ணை மாற்று, நுனியைக் கிள்ள மறக்காதே. யாராவது வந்து நல்லாருக்குது என்றால், ஆமாம் என்று சொல். அவ்வளவு போதும் கண்ணு. நான் அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு உள்ளே போயிருந்தால் போதும்.

விழாவுக்கு நான் வரலாமா என்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். வேண்டாம் என்றால் அம்மாவும் சித்தப்பாவும் வருவார்கள், நான் இங்கே மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பேன், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன் என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். போன வாரம்கூடக் கை தோளுக்குப் போயிற்று, இப்போதுதான் சொன்னேன். வா என்று எழுதினால் வெள்ளைத் துண்டைத் துவைத்துத் தோளில் போட்டுக்கொண்டுதான் வருவேன், இல்லாமல் வந்தால் கை அதைத் தேடும். நாற்காலி போட்டால் உட்காருகிறேன். நீ என் பக்கத்தில் நில். என் கை மேலே போனால் நீ அதைப் பிடித்துக்கொள்.

உன் அப்பா